ஓசியாவின் எச்சரிப்பு யாரை நோக்கியது? திருகோணமலைச் சபைகளுக்கு ஒரு கேள்வி

உவர்மலையான் எழுதியது:

தவக்காலத்தை ஒட்டி எங்கள் சபையின் வேத ஆராய்ச்சி வகுப்பில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்து வருகிறோம். கர்த்தரை விட்டு வேறு தெய்வங்களை நாடிய இஸ்ரவேலை, கணவனுக்குத் துரோகம்பண்ணிச் சோரம் போன மனைவிக்கு ஒப்பிட்டு அவர் எச்சரிக்கிறார். வகுப்பு முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போது, ஏறக்குறைய எல்லோரும் அந்த எச்சரிப்பை வேறு யாரோ ஒருவர்மேல்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். கோணேசர் கோயில் தேர் பார்க்கப் போன உறவினரை ஒருவர் குறிப்பிடுகிறார். வெசாக் கூடு பார்ப்பதற்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற தாயை இன்னொருவர் குறிப்பிடுகிறார். வேறு சபைக்குப் போய்விட்ட குடும்பத்தின் பெயரும் கட்டாயம் வந்துவிடுகிறது. ஆவிக்குரிய சோரம் என்ற குற்றச்சாட்டு இவ்வளவு இலகுவாக வேலிக்கு அப்பால் போய்விடுவது எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. ஆகவே அதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எல்லாச் சபையாரும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

ஓசியா பேசியது கி.மு. 8ஆம் நூற்றாண்டில், வடக்கு இராச்சியமாகிய இஸ்ரவேலில். அவருடைய ஊழியம் தொடங்கியபோது அரசாண்டவன் இரண்டாம் யெரொபெயாம். நாடு செழிப்பாக இருந்த காலம் அது. பண்டிகைகள், மாதப்பிறப்புகள், ஓய்வுநாட்கள் ஒன்றும் தவறவில்லை என்பது இரண்டாம் அதிகாரத்திலேயே தெரிகிறது. தாங்கள் கர்த்தரை விட்டுவிட்டதாக அந்த மக்களில் ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர்கள் செய்தது வேறொன்று: எகிப்திலிருந்து மீட்டதற்குக் கர்த்தரை வைத்துக்கொண்டு, மழைக்கும் விளைச்சலுக்கும் பாகாலைச் சேர்த்துக்கொண்டார்கள். சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட உகாரித் களிமண் பலகைகள், பாகால் புயலுக்கும் மழைக்கும் உரியவனாகப் போற்றப்பட்டதைத் தெளிவாகக் காட்டுகின்றன. வானம் பார்த்த பூமியில் குடியேறிய ஒரு ஜனத்துக்கு, அந்த ஊராரின் மழைத் தெய்வத்தையும் கையோடு வைத்திருப்பது விவேகமாகவே தோன்றியிருக்கும். 1975, 1976ஆம் ஆண்டுகளில் சீனாய்ப் பகுதியின் குந்தில்லத் அஜ்ரூதில் கிடைத்த ஏறக்குறைய அதே காலத்துச் சாடி ஒன்றில், சமாரியாவின் யாவே (கர்த்தரின் எபிரேயப் பெயர்) என்ற பெயருக்குப் பக்கத்திலேயே, கானானியப் பெண் தெய்வத்தின் பெயராகிய அசேராவும் எழுதப்பட்டிருக்கிறது. கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வேறொன்றையும் சேர்த்துக்கொள்வது அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது.

சீனாய் மலையடிவாரத்திலும் இதுவே நடந்தது. பொன் கன்றுக்குட்டியின் முன்பாகப் பலிபீடத்தைக் கட்டிவிட்டு ஆரோன் கூறியது, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்பதாகும். யாத்திராகமம் 32இல் என்னை மிகவும் அச்சப்படுத்தும் வசனம் இதுதான். புதிய மதம் ஒன்றை அவன் அறிவிக்கவில்லை. மோசே திரும்பி வரத் தாமதித்தபோது மக்களுக்கு உண்டான பயத்தை, கர்த்தருடைய பெயரிலேயே அவன் ஆற்றிக்கொடுத்தான்.

இப்போது நம்மிடம் வருவோம். நமக்கு மழை எங்கிருந்து வருகிறது என்று நாம் உள்ளூர நம்புகிறோம்? வீசாவிலிருந்தா, வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் வரும் பணத்திலிருந்தா, வேலை எடுத்துத் தரும் அரசியல்வாதியிடமிருந்தா, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்தா? எகிப்தைக் கூப்பிட்டு அசீரியாவிடம் ஓடும் பேதையான புறா என்று ஓசியா எப்பிராயீமை, அதாவது அந்த வடக்கு இராச்சியத்தை, சொன்னது, பயந்துபோன ஒரு ஜனத்தின் ஓட்டத்தைப் பார்த்துத்தான். யுத்தத்தையும், 2004இன் சுனாமியையும், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் கடந்து வந்த நமக்கு அந்தப் பயம் புதியதல்ல. வெளிநாடு போவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வீசாவுக்காக உபவாசம் இருந்து, அது கிடைத்த பின்பு ஜெபிப்பதற்கு ஒன்றுமே இல்லாமற் போகிற குடும்பங்களை நான் அறிவேன். அங்கே யார் யாருக்கு ஊழியம் செய்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சாம்பல்தீவுச் சபையான் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் உள்ளத்தின் விக்கிரகங்களைப் பற்றி மாத்திரம் பேசி, வெளியே தெரிகின்ற கலப்பைச் சிறிதாக்கிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் வீட்டுக்கு நிலை வைக்கும்போது நல்ல நேரம் கேட்டுவிட்டுத்தான் மேசனைக் கூப்பிடுகின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போதகர் ஜெபித்துவிட்டுப் போன அன்றே நாவூறு பார்த்து நூல் கட்டுகிறார்கள். ஒரு கையில் நூலும் மறுகையில் வேதாகமமுமாக ஆராதனைக்கு வருவது, "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று கர்மேலில் எலியா கேட்ட அதே நிலை அல்லவா? கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் பானம்பண்ணக் கூடாதென்று பவுல் எழுதியது கொரிந்து சபையாருக்கே. அவர்களும் இரட்சிக்கப்பட்டவர்கள்தான். போதகர்மார் இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். பேசினால் ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்ற பயமே காரணம். அந்தப் பயமும் நீங்கள் கேட்ட மழைக் கேள்விக்குள் வர வேண்டும்.

கச்சேரி ஊழியர் எழுதியது:

இந்த விடயத்தில் எனக்கு ஒரு தெளிவு தேவைப்படுகிறது. நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வருடத்தின் முதல் வேலை நாளில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள்; சில வேளைகளில் பௌத்தர்களின் பிரித் ஓதப்படும்; சரஸ்வதி பூசைக்குப் பிறகு கடலையும் பொங்கலும் மேசைக்கு வந்துவிடும். விலகி நின்றால் மற்றவர்களை மதிக்காத ஆள் என்று பெயர் வருகிறது. கலந்துகொண்டாலோ சபையில் ஒரு சகோதரர் என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரிக்கிறார். மூவின மக்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்ற இந்த ஊரில் எது உண்மையில் சோரம், எது அயலவரோடு மரியாதையாக இருப்பது?

உவர்மலையான் எழுதியது:

முதலில் சாம்பல்தீவுச் சகோதரருக்கு: நல்ல நேரம் பார்ப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அது யாரை நம்புகிறோம் என்ற கேள்வியேயன்றி வெறும் ஊர் வழக்கமல்ல. ஜெபித்துவிட்டு நேரமும் பார்க்கும் வீடு, கர்த்தருக்கும் பாகாலுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்த எப்பிராயீம் வீட்டைப் போன்றதே.

கச்சேரி ஊழியருக்கு இரண்டு வேதப்பகுதிகளைக் காட்ட விரும்புகிறேன். குஷ்டம் நீங்கிச் சுகமான சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தருக்கு மாத்திரமே பலியிடுவேன் என்று சொல்லிவிட்டு, தன் கையின்மேல் சாய்ந்துகொண்டு ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் அங்கே குனிய வேண்டிவருமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டான். எலிசா அவனுக்கு நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்றார். மற்றது 1 கொரிந்தியர் 10. விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்று கட்டளையிடுகிற அதே அதிகாரத்தில்தான், அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால் வைக்கப்பட்டதை ஒன்றும் விசாரியாமல் புசியுங்கள் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவன் மனச்சாட்சியினிமித்தம் புசியாதிருங்கள் என்றும் பவுல் எழுதுகிறார். வழிபாட்டில் பங்கெடுப்பதையும் மேசையில் பங்கெடுப்பதையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். ஆகையால் உங்கள் சக ஊழியர்களோடு எழுந்து நிற்பது மரியாதை. பூசையை நடத்தும்படி உங்களிடம் கேட்டால், என் விசுவாசம் அதற்கு இடம் கொடுக்காது என்று பணிவாகச் சொல்லலாம். பெரும்பாலானோர் அதை விளங்கிக்கொள்வார்கள். படைத்த பொங்கலென்று தெரிந்த பின்பு சாப்பிடுவதா இல்லையா என்பதில், உங்களை எச்சரித்த சகோதரரின் மனச்சாட்சியையும் கணக்கில் எடுங்கள். ஆனால் அந்தச் சகோதரர் இதே அக்கறையோடு உங்கள் அலுவலகத்தில் இலஞ்சம் வாங்கப்படுகிறதா என்றும் உங்களிடம் கேட்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கிறேன்.

பாலையூற்றுப் பங்கு எழுதியது:

நான் கத்தோலிக்கன். இப்படியான உரையாடல் தொடங்கினால் சிறிது நேரத்தில் எங்கள் சுரூபங்களை நோக்கித் திரும்பிவிடும் என்ற அனுபவம் எனக்கு உண்டு; இங்கே இன்னும் அது நடக்கவில்லை என்பதற்கு நன்றி. தூய உருவங்களுக்குக் காட்டப்படும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் தெளிவாக வரையறுத்தது. ஒவ்வொரு கத்தோலிக்கனும் அந்த வரையறையின்படிதான் வாழ்கிறானா என்பது எங்கள் பங்கிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா ஆலயத்துக்குப் போகும்போது, மகள் சித்தியடைந்தால் இதைச் செய்வேன், மகனுக்கு வேலை கிடைத்தால் அதைத் தருவேன் என்று நேர்த்தி வைப்பவர்களுள் நானும் ஒருவன். நன்றியாகச் செய்யப்படும் நேர்த்தி எங்கே முடிகிறது, கடவுளோடு பேரம் பேசுவது எங்கே தொடங்குகிறது என்பதை ஒசேயாவை (நீங்கள் ஓசியா என்று சொல்லும் நூலை) வாசித்தால் யோசிக்காமல் இருக்க முடியாது. தானியத்தையும் திராட்சை இரசத்தையும் எண்ணெயையும் தந்தவர் தாமே என்று இஸ்ரயேலாகிய அவள் அறியவில்லையே என்று ஆண்டவர் வருந்துவது, கொடை வந்து கொடுத்தவர் மறக்கப்பட்டதனால் அல்லவா?

திருவெளிப்பாட்டில் எபேசு சபைக்கு எழுதப்பட்ட வார்த்தையையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அவர்கள் உழைத்தவர்கள், பொய்த் திருத்தூதர்களைச் சோதித்து அறிந்தவர்கள், சோர்ந்துபோகாதவர்கள். ஆயினும் தொடக்கத்தில் இருந்த அன்பை விட்டுவிட்டார்கள் என்பதே அவர்கள்மேல் சொல்லப்பட்ட குறை. போதனையில் ஒரு பிழையுமில்லாத பங்கும் இந்தக் குற்றத்துக்குள் வந்துவிடலாம்.

நிலாவெளி ஆசிரியை எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். ஆகவே இதை நான் சொல்லியாக வேண்டும். ஓசியா 2, எசேக்கியேல் 16, 23 ஆகிய அதிகாரங்களை ஒரு பெண்ணாக வாசிப்பது இலகுவான காரியமல்ல. கணவனாகக் காட்டப்படுகிறவர் கடவுள். சோரம் போகிறவள் பெண். அவளுடைய வஸ்திரம் உரியப்படுகிறது, வழி முள்ளினால் அடைக்கப்படுகிறது. இந்த வசனங்களை வாசித்துக் காட்டி மனைவியின் கைத்தொலைபேசியைப் பறித்து, அவளைத் தாய்வீட்டுக்கும் போகவிடாமல் வைத்திருந்த ஒரு கணவனை எனக்குத் தெரியும். அவன் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருபவன். அவளோ அது வேதவசனம்தானே என்று நீண்ட காலம் வாய் திறக்காமல் இருந்தாள். பக்கத்து வீட்டாருக்குக் கேட்கக் கூடாதென்று வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு அழுவதாக அவள் என்னிடம் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

அந்த உருவகத்தில் பெண்ணாகக் காட்டப்படுகிறவர்கள் யார் என்பதைப் போதகர்மார் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓசியா கண்டித்தது ஆசாரியரையும், ராஜ வம்சத்தாரையும், கள்ளத்தராசு வைத்திருந்த வியாபாரிகளையும். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சோரம் போனவள் நீயே என்று அந்த ஆண்களிடம் சொல்லி, அவர்களை வெட்கப்படுத்தவே அந்த உருவகம் எடுக்கப்பட்டது. நான்காம் அதிகாரத்தில் குமாரத்திகளின் நடத்தையைக் குறிப்பிட்டவுடனேயே, தாங்களே வேசிகளோடு தனித்துப் போகிறார்களே என்று ஆண்களின்மேல் குற்றத்தை வைக்கிறார். மல்கியா 2இலோ உருவகமே இல்லை: இளவயதின் மனைவிக்குத் துரோகம்பண்ணியவனுடைய காணிக்கையைக் கர்த்தர் இனி மதிக்கமாட்டார் என்று நேரடியாகவே சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் கையோங்கும் ஒருவன் திருவிருந்தில் பங்கெடுப்பதைப் பற்றி எங்கள் சபைகள் பேசட்டும். நூல் கட்டியவளை விசாரிக்கிற மூப்பர் சங்கம் அடித்தவனை விசாரித்ததை நான் இன்னும் காணவில்லை.

திருக்கடலூர்க் கரை எழுதியது:

ரீச்சர் சொன்னதற்குப் பிறகு எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. என்றாலும், யாக்கோபின் நிருபத்தை இங்கே ஒருவரும் தொடவில்லை. புதிய ஏற்பாட்டில் "விபசாரரே, விபசாரிகளே" என்று சபையாரையே கூப்பிட்டு எழுதியவர் யாக்கோபுதான். உலக சிநேகம் என்று அவர் சொன்னதை, படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, உடுப்பு என்று எங்களுக்குச் சிறு வயதில் படிப்பித்தார்கள். அந்த வசனத்தைச் சுற்றி இருப்பவை வேறு. இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்குச் சபையில் நல்ல இடமும், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியும். நான்காம் அதிகாரத்தில் பொருளுக்காக நடக்கும் சண்டை. ஐந்தாம் அதிகாரத்தில் வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்த கூலி, சேனைகளின் கர்த்தருடைய செவிக்குப் போய்ச் சேருகிறது.

கரைவலை இழுப்பவனின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிறு அறுத்த தழும்பும், உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த தோலும் அதில் இருக்கும். மீன் விற்ற காசில் எண்ணெய், வலைத் திருத்தம், முற்பணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்த பின்பு அவனுக்கு வரும் பங்கு சில நாட்களில் வீட்டுக்கு அரிசி வாங்கக்கூடப் போதாது. கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கும் சம்மாட்டிமார் (வலையின் சொந்தக்காரர்) இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. கணக்கையே காட்டாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஆலயத்தில் முன் வாங்கில் இருந்து தசமபாகம் கொடுப்பவர்களும் உண்டு. வீட்டில் வேலைக்கு வைத்திருக்கும் பிள்ளைக்குச் சம்பளத்தைப் பிந்திக் கொடுக்கும் விசுவாசிகளும் உண்டு. நுண்கடன் எடுத்து, கிழமைக்கிழமை வாசலுக்கு வரும் ஆளுக்குப் பயந்து பின்கதவால் போகும் பெண்கள் எங்கள் ஜெபக்குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம்தான், விதைத்தால் அறுப்பாய், விசுவாசத்தோடு காணிக்கை போடு என்று சில கூட்டங்களில் கேட்கிறார்கள். பாகால் விளைச்சல் தருவான் என்று சொல்லிப் பலி கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

சாம்பல்தீவுச் சபையான் எழுதியது:

ரீச்சருக்கு: எங்கள் சபையில் ஒழுங்கு நடவடிக்கை என்பது பெரும்பாலும் நூலையும் கலப்புத் திருமணத்தையும் பற்றியதாகவே இருந்திருக்கிறது. மல்கியாவை அடுத்த மூப்பர் கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்பேன். நூலைப் பற்றிய என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. இரண்டும் பேசப்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

உயர்தர மாணவன் எழுதியது:

அண்ணாமார், அக்காமார், நான் இந்த வருடம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறேன். ஞாயிறு காலையில் ரியூசன் வகுப்பு வைக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு அந்த நேரத்தைத் தவிர வேறு நேரமில்லை. ஆராதனைக்குப் போகாத ஒவ்வொரு ஞாயிறும் நான் சோரம் போகிறேனா? வாலிபர் ஐக்கியத்தில் கைத்தொலைபேசி, கிரிக்கெட், ரியூசன் என்று எல்லாவற்றையுமே விக்கிரகம் என்கிறார்கள். எல்லாம் விக்கிரகமென்றால் எதை விடுவதென்றே தெரியவில்லை.

உவர்மலையான் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் பெரியவர்களை நோக்கித்தான் முதலில் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பு வைப்பவர்களுள் கிறிஸ்தவ ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டி அனுப்புகிறவர்கள் கிறிஸ்தவப் பெற்றோர். பெளத்தர்கள் தங்கள் ஞாயிறு அறநெறிப் பாடசாலைகளுக்காக இதைப் பற்றிக் குரல் எழுப்பியிருக்கிறார்கள்; நமது சபைகளும் இந்துப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் சேர்ந்து ஆசிரியர்களிடம் பேசினால் நேரத்தை மாற்ற முடியாது என்று நான் நம்பவில்லை. அதுவரைக்கும் மாலை ஆராதனை உள்ள சபைக்குப் போங்கள்; உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள். படிப்பது துரோகமல்ல. சித்தியடையாவிட்டால் உன் வாழ்க்கையே முடிந்தது என்று வீட்டில் ஒருவர் சொல்லி, அதை நீங்களும் நம்பத் தொடங்கினால், அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். உயர்தரத்தில் தவறிய பிள்ளையைச் சபைக்கு முகம் காட்டமுடியாமல் வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையைப் பலி கேட்கிற எதுவும் கர்த்தரிடமிருந்து வந்ததல்ல; தம் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணியவர்களைத் தீர்க்கதரிசிகள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை எரேமியாவில் வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் விக்கிரகம் என்று பெயர் வைப்பதால் அந்தப் பெயரின் பாரமே குறைந்துபோகிறது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

திருக்கடலூர்ச் சகோதரர் யாக்கோபைக் கொண்டுவந்தது இந்த உரையாடலுக்கு மிகவும் தேவையாக இருந்தது. ஓசியாவின் 14ஆம் அதிகாரத்திலுள்ள அறிக்கை ஜெபமும் அதையே சேர்த்துப் பிடிக்கிறது. கர்த்தரிடத்தில் திரும்புகிற ஜனம் எதை வாயால் சொல்ல வேண்டுமென்று அங்கே வார்த்தை வார்த்தையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது: அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை, குதிரைகளின்மேல் ஏறமாட்டோம், எங்கள் கைகளின் கிரியையைப் பார்த்து எங்கள் தேவர்கள் என்று இனிச் சொல்லமாட்டோம், திக்கற்றவன் உம்மிடத்தில் இரக்கம் பெறுகிறான். வல்லரசு, படைபலம், கைவேலை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் திக்கற்றவனிடம் வந்து நிற்கிறது அந்த ஜெபம். நமது சபைகளில் மனந்திரும்புதலுக்கான ஜெபம் பெரும்பாலும் தனிமனிதனின் இரகசியப் பாவங்களோடு நின்றுவிடுகிறது. கணக்குக் காட்டாத பங்கும், பிந்திக் கொடுத்த சம்பளமும், வாய் திறக்க முடியாத மனைவியும் அதற்குள் வருவதில்லை.

இனி வரும் வகுப்புகளில் அந்த 14ஆம் அதிகாரத்தைத்தான் எடுக்க இருக்கிறோம். அதற்கு முன்பு, இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் வாசிக்கும் கிழமையில் வகுப்பை நடத்தித் தரும்படி நிலாவெளி ரீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன். சம்மதமென்றால் இங்கேயே அறிவியுங்கள் ரீச்சர். போதகரோடு பேசி நேரத்தை ஒழுங்குசெய்வது என் பொறுப்பு. பாலையூற்றுப் பங்கைச் சேர்ந்தவர்களும் வரலாம். கதிரைகள் போதுமானவை இருக்கின்றன.

நிலாவெளி ஆசிரியை எழுதியது:

சம்மதம் ஐயா. ஒரு வேண்டுகோள்: அந்தக் கிழமை ஆண்கள் கட்டாயம் வர வேண்டும். பெண்களுக்கு மாத்திரமான கூட்டமாக அதை அறிவிக்க வேண்டாம்.